லேபிளில் நாள் கிடையாது

மருந்துக் குப்பியின் லேபிளில் காலாவதி தேதி என்று போட்டிருப்பார்கள். பார்த்தால் நாள் இருக்காது. மாதமும் வருஷமும்தான் இருக்கும். 6-88 என்றால் எண்பத்தெட்டு ஜூன். ஜூன் முப்பது முடிகிற வரைக்கும் அது நல்ல மருந்து. ஜூலை ஒன்று காலையில் குப்பை. ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் வேலை செய்த எவனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தெரிந்திருந்தும் ஒரு தப்பு நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊழியர் சங்கத்தில் மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் ஆளுக்கு ஒன்று எழுதுங்கள் என்றார்கள். இப்போது ஸ்டோரில் எல்லாமே கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்காருகிறவர்களுக்காக இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு நாகலாபுரம் பக்கம். நிலம் கிடையாது. நைனா கரும்பு வெட்டப் போவார். எட்டாவது வரை படித்தேன். அறுபதுகளில் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று குமாஸ்தா பிறந்த தேதி கேட்டார். பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் வருஷம் மட்டும் இருந்தது.

"மாசம்?"

"தெரியாது சார்."

"நாளு?"

"தெரியாது சார்."

அவர் ஜூலை ஒன்று என்று எழுதிக்கொண்டார். வருஷம் மட்டும் தெரிந்தவனுக்கு ஜூலை ஒன்று, அது ரூல் என்றார். "வருஷத்துக்கு நடு. உனக்கும் நட்டம் இல்ல, சர்க்காருக்கும் நட்டம் இல்ல. போ."

பெட்டி தூக்கினேன். பெருக்கினேன். பிறகு மருந்து ஸ்டோரில் அட்டெண்டர் ஆனேன். அங்கே தேவசகாயம் சார்.

அவர் ஸ்டோர் பார்மசிஸ்ட். சித்தூர்க்காரர். பழைய மிஷன் சபைக் குடும்பம். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பூதக்கண்ணாடி. குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். கிட்டே போய்க் காது கொடுத்தால்தான் திட்டு விழுவது கேட்கும்.

அவர் ஸ்டோரை வைத்திருந்த முறை இதுதான். முதலில் கெடப்போகிற மருந்து முன்வரிசை. அடுத்தது அதற்குப் பின்னால். ஒரு நீள நோட்டு இருந்தது. மாதத்துக்கு ஒரு பக்கம். எந்த மருந்து எந்த மாதத்தில் முடிகிறதோ அந்தப் பக்கத்தில் அதன் பெயர். மாதத்தின் கடைசி நாள், சாயந்தரம் நாலு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறப்பார். அவர் படிப்பார், நான் எடுப்பேன். பெட்டிமேல் சிவப்பு ரப்பர் முத்திரை போடுவேன். எல்லாவற்றையும் கண்டம் அறையில் வைப்போம். கெட்ட மருந்தை அழிக்கிற வரை வைக்கிற அறை அது. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சார் இடுப்பில். இன்னொன்று ஆபீஸ் சூப்பிரண்டு மேஜையில். ஒருத்தனாகத் திறக்க முடியாது. கெட்ட மருந்து கடைவீதிக்குப் போய்விடக் கூடாது என்று அந்த ஏற்பாடு.

பூட்டியதும் சார் சொல்வார்: "ஜூன் முடிஞ்சுது."

நான், "முடிஞ்சுது சார்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே. எல்லா மாதமும்.

எண்பதுகளின் கடைசியில் சித்தூர் மாவட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தது. மாவட்டத்தில் இருக்கிற மருந்தெல்லாம் அதில் ஏற வேண்டும். எங்களுக்கு அச்சடித்த பாரம் கட்டுக்கட்டாக வந்தது. மருந்துக்கு ஒரு பாரம். காலாவதி என்ற இடத்தில் மூன்று கட்டம். நாள், மாதம், வருஷம். பூர்த்தி செய்தது நான். லேபிளைப் பார்த்து மாதத்தை எழுதினேன், வருஷத்தை எழுதினேன். நாள் கட்டத்தைக் காலியாக விட்டேன். லேபிளில் இல்லாததை எப்படி எழுதுவது?

ஒரு சந்தேகம் வந்து சித்தூருக்கு போன் போட்டோம். எடுத்தவர், "காலியா வுட்டா வுடுங்க. மிஷினே ஒன்னு போட்டுக்கும்" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். "ஒன்னுன்னா?"

எனக்கு அந்த ஜூலை ஒன்று ஞாபகம் வந்தது. "ரூலு எதனா இருக்கும் சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஜூனுக்கு முன்னால் ஒன்று போட்டால் அது ஜூன் முதல் தேதி ஆகிவிடும். மாதம் முப்பது நாளும் நல்லதாக இருக்க வேண்டிய மருந்து முதல் நாளே கெட்டதாகிவிடும். இதற்குப் படிப்பு வேண்டாம். விரல்விட்டு எண்ணினால் போதும். நான் எண்ணவில்லை. சாரும் அன்று எண்ணவில்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் நீள நோட்டு வேண்டாம் என்று உத்தரவு வந்தது. இனி சித்தூரிலிருந்து பட்டியல் வரும். அதில் இருப்பதை அன்றைக்கே எடுத்துப் பூட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஏப்ரலில் முதல் பட்டியல் வந்தது. தேதி இரண்டு. அதில் அந்த ஏப்ரலில் முடிகிற மாத்திரைகள் இருந்தன. சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பூட்ட மாட்டேன், இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கிறது என்று கடிதம் எழுதினார். பதில் ஒரே வரி. பட்டியலே இறுதி, மீறினால் நடவடிக்கை. அவருக்கு மெமோவும் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர் வாங்கிய முதல் மெமோ. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாத்திரைகளைப் பூட்டினோம். இருமல் மாத்திரை, வைட்டமின் மாத்திரை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மே மாதமும் அப்படியே போயிற்று.

ஜூன் மூன்றாம் தேதி பஸ்ஸில் தபால் பை வந்தது. பட்டியலில் ஏழாவது வரி பாம்புக்கடி மருந்து. நாற்பது குப்பி. 01-06-88.

"சார், இதுவுமா?" என்றேன்.

"புதுசு எப்ப வருது?"

"ஐதராபாத்துல இருந்து வந்துகினு இருக்குதாம்."

"வந்துகினுதான் இருக்கும்." ஒரு குப்பியைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். "முத்திரை போடு."

போட்டேன். பெட்டியின் நாலு பக்கமும் சிவப்பாக. அவர் பூட்டினார். அன்று அவர் "முடிஞ்சுது" என்று சொல்லவில்லை. அவசரப் பிரிவு அலமாரியில் இரண்டு குப்பி இருந்தது. அது எங்கள் கணக்கில் இல்லாததால் தப்பியது. சார் மறுபடி எழுதினார். பதில் இல்லை. ஒன்பதாம் தேதி காலையில், "நானே நேர்ல போறேன்" என்று சித்தூர் பஸ் ஏறினார்.

அவர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும். அவசரப் பிரிவிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். கையில் சீட்டு. பாம்புக்கடி மருந்து, பத்து குப்பி.

"இல்லம்மா" என்றேன்.

"இல்லன்னா? போன வாரம் இருந்துச்சே?"

"பூட்டியாச்சு."

அவள் திரும்பி ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. ஸ்டோர் ஆட்கள் வார்டுக்குள் போகிற வழக்கம் இல்லை.

கட்டிலில் ஒரு பெண். கன்னியம்மா என்று பெயர். முப்பது வயது இருக்கலாம். புத்தூர் தாண்டி ஒரு ஊர். காலையில் கரும்பின் காய்ந்த சோகையைக் கட்டும்போது கண்ணாடி விரியன் கணுக்காலில் பிடித்துவிட்டது. கால் முழங்கால் வரை வீங்கி மினுமினுத்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. புருஷன் முனிரத்தினம் தலைமாட்டில் நின்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

டூட்டி டாக்டரம்மா கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து வைத்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறையவில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. இருந்த இரண்டு குப்பியையும் ஏற்றிவிட்டார். என்னைப் பார்த்து, "ஏமய்யா, மந்து எக்கட?" என்றார். தெலுங்குக்காரர். மருந்து எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"எக்ஸ்பைரி எப்போ?"

"லேபிள்ல ஜூன் மாசம். பட்டியல்ல ஜூன் ஒன்னு."

"லேபிள் கரெக்டா, பட்டியல் கரெக்டா?"

"லேபிளும்மா."

"அப்போ ஏன் பூட்டினாய்?"



கடைவீதியில் மூன்று கடைக்கு ஆள் போய் வந்தாயிற்று. எங்கும் இல்லை. வேலூர் போகலாம். ஜீப்பில் மூன்று மணி நேரம். டாக்டரம்மா தலையை ஆட்டினார். தாங்காது என்று அர்த்தம்.

முனிரத்தினம் சொன்னான்: "வழியில ஒரு ஆஸ்பத்திரில எறக்கனோம் சார். அங்கயும் மருந்து பூட்டிக்கினு இருக்குதுன்னாங்கோ. ஊரெல்லாம் ஒரே பூட்டா இருக்குது? நாங்க சாவறதுக்கு நாள் பாத்தா பூட்டனீங்கோ?"

அங்கேயும் அதே பட்டியல் போயிருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் சூப்பிரண்டு தன் சாவியைக் கொடுத்தார். "என் பூட்ட தொறந்துக்க. தேவசகாயம் பூட்டுக்கு நான் பொறுப்பு இல்ல" என்றார். அவர் போனிலேயே சித்தூருக்கு டிரங்க் கால் போட்டேன். அவசரம் என்று சொல்லிப் போட்டேன். கால் மணி ஆயிற்று. அந்தக் கால் மணியில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தேன் என்று தெரியாது. லைன் கிடைத்தது. சாரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"சார், விரியன் கடி. பொம்பள. பத்து குப்பி கேக்கறாங்கோ. சாவி உங்ககிட்ட இருக்குது."

மெதுவாக, ரொம்ப மெதுவாக, "லேபிள்ல இன்னா போட்டிருக்குது?" என்றார்.

"ஆறு, எம்பத்தெட்டு."

"இன்னிக்குத் தேதி?"

"ஒம்பது சார்."

"மாசம்?"

"ஜூன்."

"அப்ப?"

நான் வாயைத் திறக்கும்போது லைன் செத்துவிட்டது. ஹலோ ஹலோ என்று கத்தினேன். இரைச்சல்தான். மறுபடி கேட்டால் மறுபடி கால் மணி.

சூப்பிரண்டு, "இன்னா சொன்னாரு?" என்றார்.

ஸ்டோருக்குப் போனேன். சூப்பிரண்டு பூட்டைத் திறந்தேன். சார் பூட்டு திண்டுக்கல் பூட்டு. அது உடையாது. பெட்டி பிரிக்கிற இரும்பை எடுத்துக் கொண்டியில் கொடுத்து நெம்பினேன். மூன்றாவது நெம்பலில் மரத்தோடு பெயர்ந்து வந்தது. பூட்டு பூட்டியபடியே கொண்டியில் தொங்கியது. சாருடைய பூட்டை இரும்பால் தொடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் குப்பியை உடைத்துக் கலக்க ஆரம்பித்தாள். முனிரத்தினம் பெட்டியைப் பார்த்துவிட்டான். நாலு பக்கமும் சிவப்பு முத்திரை. படிக்கத் தெரியாதவனுக்கும் அந்தச் சிவப்பு புரியும்.

நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டான். "இரும்மா. இது கெட்டுப்போன மருந்து. கண்டம் பண்ணது. ஏழைன்னா கெட்டதப் போடுவீங்களா?"

"கைய வுடுய்யா" என்றாள் நர்ஸ். அவன் விடவில்லை. டாக்டரம்மா தெலுங்கில் கத்தினார். அவன் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தான்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். "மருந்து கெடல. முத்திரைதான் தப்பு."

"யாரு போட்ட முத்திரை?"

"நான்தான் போட்டேன்."

என் முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "இதே உன் பொண்டாட்டின்னா இத்தப் போடுவியா?"

"போடுவேன்."

"கெடலன்னா ஏன்யா முத்திரை போட்ட?"

"மேல இருந்து சொன்னாங்கோ. போட்டேன்."

கையை விட்டான். "நல்லா சொன்னாங்கோ, நல்லா போட்ட" என்றான். அந்த வார்த்தை எனக்கு எந்த மெமோவைவிடவும் பெரியது.

பத்து குப்பி போயிற்று. ஆறு மணி நேரம் கழித்து இன்னும் ஐந்து. நான் ஸ்டோருக்குப் போகவில்லை. வராந்தாவில் நின்றேன். டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்துக் குழாயில் வைத்தார். இருபது நிமிஷம். சாய்த்தார். கொஞ்சம் ஓடியது. மறுபடி ஒரு தடவை. பொழுது சாயும்போது வைத்த குழாயைச் சாய்த்தார். ஓடவில்லை. அடியில் கட்டியாக நின்றது. டாக்டரம்மா அதை முனிரத்தினத்திடம் காட்டினார். அவனுக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சார் அன்று சாயந்தரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராக ஸ்டோருக்கு வந்தார். தொங்குகிற கொண்டியைப் பார்த்தார். பிய்ந்த மரத்தைக் கையால் தடவினார். "பொம்பள?" என்றார். ரத்தம் நின்றுவிட்டது என்றேன். ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தார். எழுதி என் பக்கம் திருப்பினார். தன் வாய்மொழி உத்தரவின்பேரில் அறை திறக்கப்பட்டது என்று எழுதியிருந்தார். கீழே அவர் கையெழுத்து.

"நீங்க சொல்லல சார். லைன் கட் ஆயிடுச்சு."

"நான் சொன்னேன். உனக்குக் கேக்கல."

லைன் செத்ததும் அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். கம்ப்யூட்டர் அறைக்குச் செருப்போடு போய்விட்டாராம். அந்த அறைக்குள் அதிகாரிகளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். மாவட்டத்தில் எங்கெங்கே அந்த மருந்தைப் பூட்டியிருக்கிறார்களோ அத்தனை இடத்துக்கும் போன் போடாமல் நகர மாட்டேன் என்று நின்றாராம்.

விசாரணை சித்தூரில் நடந்தது. அதிகாரி என்னிடம் கேட்டார். "நாள் கட்டத்தைக் காலியாக விட்டது யார்?"

"நான்தான் சார்."

"ஏன் விட்டாய்?"

சார் குறுக்கே பேசினார். "லேபிள்ல இல்லாதத அவன் எழுதல. இல்லாதத எழுதனது உங்க மிஷினு."

கம்ப்யூட்டர் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டார்கள். சரளா என்று பெயர். சின்ன வயது. பயந்து போயிருந்தது. எங்களை உள்ளே அழைத்துப்போய்த் திரையில் காட்டியது. நாளை விட்டுவிட்டு 06 என்று அடித்தது. 88 என்று அடித்தது. பொத்தானைத் தட்டியது. முன்னால் 01 தானாக வந்து உட்கார்ந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை.

"காலியா இருந்தா அதுக்குப் புரியாதுண்ணா" என்றது அந்தப் பெண். "அதுக்குத் தேதின்னா மூணும் வேணும். இல்லன்னா முதல் நாள எடுத்துக்கும். கடைசி நாள் போடணும்னு சொல்லியிருந்தா நானே அடிச்சிருப்பேன். யாருமே சொல்லலியே."

"ரெண்டு லெட்டர் எழுதினேனேம்மா" என்றார் சார்.

"எனக்கு வரலிங்க சார்."

கடிதம் மேலே போயிருக்கிறது. மேலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்த அறை கீழ்த்தளம்.

அதன் பிறகு உத்தரவு மாறியது. நாள் கட்டத்தில் மாதத்தின் கடைசி நாளை ஸ்டோரிலேயே எழுதி அனுப்ப வேண்டும். இருந்த பாரங்களை எல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். எங்கள் ஸ்டோருடையதை நான் எழுதினேன். முப்பது, முப்பத்தொன்று, இருபத்தெட்டு. பிப்ரவரிக்கு ஒவ்வொரு முறையும் காலண்டர் பார்த்தேன். கொண்டியையும் நானே அடித்துச் சேர்த்தேன்.

பூட்டை உடைத்ததற்குக் கண்டனம் என்று தீர்ப்பு வந்தது. உத்தரவு கொடுத்தவர் பேரில். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது. பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "எந்த உண்மைய?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கோபம் என்று தெரிந்தது. போகவில்லை.

கன்னியம்மா பன்னிரண்டு நாள் இருந்து நடந்து வீட்டுக்குப் போனாள். முனிரத்தினம் போகும்போது ஸ்டோர் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "அந்த செவப்பு முத்திரை இன்னும் வெச்சிருக்கிறியா?" என்றான். இருக்கிறது என்றேன். "பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஓய்வு பெற்றது ஜூன் முப்பது. குமாஸ்தா எழுதிய ஜூலை ஒன்று கணக்குப்படி, அதற்கு முந்தின நாளோடு வேலை முடியும். அன்று என் பணிப்பதிவேட்டைக் காட்டினார்கள். கூட்டித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த ஒன்பதாம் தேதி அதில் இல்லை. அது இன்னொருவர் புத்தகத்தில் இருக்கிறது. அவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

சாயந்தரம் வெளியே மாலை வாங்கி வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். நாலு மணி ஆக வேண்டும். அந்த ஜூனில் முடிகிற மருந்துகளை எடுத்தேன். லேபிளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முத்திரை போட்டேன். கண்டம் அறையில் வைத்துப் பூட்டினேன். புதிதாக வந்த பார்மசிஸ்ட் பேனாவோடு நின்றார்.

"ஜூன் முடிஞ்சுது" என்றேன்.

அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. "சரிங்க" என்றார்.

அதற்குப் பதில் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் சொன்ன பிறகு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.